மகள்கள் இல்லாத குடும்ப மரம்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வருகிற காதுக் குறைவைக் கண்டுபிடிக்கப் போன இடத்தில், அந்தக் குடும்பத்துக்கு வாழ வந்த மருமகள்கள் அத்தனை பேரையும் வரிசையாக உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, அந்தக் குடும்பத்திலேயே பிறந்த மகள் ஒருத்தியை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பியவன் நான். அப்போது எனக்கு இந்த வேலையில் இருபது வருட அனுபவம். அனுபவம் இல்லாதவனால் அவ்வளவு தன்னம்பிக்கையோடு தப்புச் செய்ய முடியாது.

இதை எழுதச் சொன்னவர் திவ்யா. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். பழைய ஃபைல் ஒன்று எங்கே என்று கேட்கக் கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாக, "சார், இப்பல்லாம் எச்சிலைக் குழாயில துப்பி அனுப்பினா பரம்பரைச் சமாச்சாரம் வந்துடுது. அந்தக் காலத்துல குடும்பம் குடும்பமா எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? புதுசா வந்த பிள்ளைங்களுக்காக எழுதுங்களேன்" என்றார். அந்தக் காலம் என்று அவர் சொன்னது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்வெட்டில் எழுதட்டுமா, காகிதம் போதுமா என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

நான் இந்தப் படிப்புக்கு வந்த கதை சுருக்கமானது. இன்ஜினியரிங் கிடைக்கவில்லை, விவசாயத்துக்கு அப்பா விடவில்லை, காதுகேட்பைச் சோதிக்கும் படிப்பில் இடம் காலியாக இருந்தது. அது காலியாக இருந்ததற்குக் காரணம் இருந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. முடித்ததும் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது, கட்டடம் என்ன செய்யும்?

சத்தம் புகாத சின்ன அறை ஒன்று உண்டு. நாங்கள் அதைக் கூண்டு என்போம். நோயாளியை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனின் சிவப்புப் பக்கத்தை வலது காதிலும் நீலப் பக்கத்தை இடது காதிலும் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிஷின் முன்னால் உட்காருவேன். 'பீப்' கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். கேட்டால் பத்து டெசிபல் குறைக்க வேண்டும். கேட்காவிட்டால் ஐந்து கூட்ட வேண்டும். விரல் தூக்கும் கடைசி எல்லையை வலதுக்குச் சிவப்புப் பென்சிலாலும் இடதுக்கு நீலப் பென்சிலாலும் குறித்துக் கோடு இழுக்க வேண்டும். இவ்வளவுதான் என் வாழ்நாள் தொழில். ஜனங்கள் என்னைக் 'காது சார்' என்றார்கள். முழுப்பெயர் நாச்சிமுத்து என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

நம் பக்கத்துக் காதுகளுக்கென்று ஒரு பூகோளம் உண்டு. லாரி டிரைவருக்கு ஜன்னலோரமான வலது காது முதலில் போகும். விசைத்தறிக்காரருக்கு இரண்டும் சேர்ந்து போகும். ஆழ்குழாய் போடும் ரிக் வண்டியில் இருந்தவர்களோ நான் கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலைக் கத்திச் சொல்வார்கள். இது போக, வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் குறையும். அதுவும் ஒரு வரிசைப்படி: மெல்லிய கீச்சுச் சத்தங்கள் முதலில் போகும், கனத்த சத்தங்கள் கடைசி வரை இருக்கும். அதனால்தான் பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளை பேசுவது புரியாமல், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடுவது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

இந்தப் பூகோளத்தில் இடிக்கிற மாதிரி எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து சிலர் வந்தார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயதிலேயே எழுபது வயதுக் காது. ரிக்கும் லாரியும்தான் காரணம் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். ஒரு நாள், வெங்காயக் காட்டைத் தவிர வேறு சத்தமே அறியாத ஒருவர் வந்தார். அவர் கோட்டை, முந்தைய மாதம் வந்த ரிக் வண்டிக்காரரின் கோட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மலைச்சரிவு. ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதரை, அப்புறம் செங்குத்து. "நீங்க ரெண்டு பேரும் ஒறம்பரைங்களா?" என்று கேட்டேன். "பங்காளிங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பரம்பரையை நானே கண்டுபிடித்துவிட்டேன். அப்போதிருந்த பெரிய டாக்டர் எதற்கும் கையெழுத்துப் போடுகிற நல்ல மனிதர், முகாமுக்கும் போட்டார்.

எங்கே முகாம் போடுவது? இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த நாமக்கல்காரன் விழித்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் ஒரே முப்பாட்டன் வழி வந்தவர்கள் எல்லாம் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு ஒரு குலதெய்வக் கோயில். வருடத்துக்கு ஒரு நாள் பொங்கலுக்கு மொத்தக் கூட்டமும் அங்கே வந்து நிற்கும். ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ரத்தச் சொந்தம் முழுவதும் ஒரே கொட்டகையில், சாப்பாட்டோடு. நானும் இப்படி ஒரு கூட்டத்தில் பிறந்தவன்தான். கூட்டம் என்றால் குடும்பம், குடும்பம் என்றால் கூட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கோயிலின் பாத்திர அறையில் அண்டாக்களுக்கு நடுவில் மிஷினை வைத்து, மேளம் ஓயும்போதெல்லாம் சோதித்தேன். ஏற்பாடெல்லாம் பழனிசாமி என்பவர். வெங்காயக் காட்டுக்காரர் சொன்னேனே, அவர்தான். ஆண்கள் முடிந்து அவர்கள் வீட்டுப் பெண்கள் வரிசை நடந்துகொண்டிருந்தது. அதில் சுங்குடிச் சேலை கட்டிய ஓர் அம்மா நின்றார். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதிருக்கும். பழனிசாமி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கலா, நீ எதுக்கு அம்மிணி அங்க நிக்கறே? அது மருமகளுங்க வரிசை."

"எனக்கும் ஒருக்கா பாத்துரட்டுமேண்ணா. வெடியால குருவி கத்தறது இப்பெல்லாம் காதுல உழுகறதே இல்லை."

"எந் தங்கச்சி கலாமணிங்க சார். பண்ணைக்காரருக்குக் குடுத்திருக்கு. சும்மா சாமி கும்பிட வந்திருக்குது" என்று பழனிசாமி எனக்கு அறிமுகம் செய்தார்.

நான் அந்தம்மாவைப் பார்த்து, இருபது வருட அனுபவத்தோடு சொன்னேன்: "அக்கா, உங்களுக்கு இது வராதுங்க. இது ஆம்பளை வழில எறங்கறது. நீங்க கல்யாணமாகி வேற கூட்டமாயிட்டீங்க. குருவியே இப்பக் கம்மியாயிப் போச்சுங்க அக்கா, அது உங்க காதுக் குத்தமில்லை." பாத்திர அறைக்கு வந்திருந்த டீயில் ஒரு டம்ளரை எடுத்து நானே கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, திருப்தியாகப் போனார்.

முகாமின் பலனை ஒரு பெரிய சார்ட்டில் மரமாக வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கேட்புக் குறைந்தவருக்கு உள்ளே கறுப்பு. மூன்று தலைமுறை, கல்யாணமான நாற்பத்தோரு ஆண்கள், அவர்கள் மனைவிமார். கண்ணாடி போட்டு, என் நாற்காலிக்கு மேலே மாட்டினேன்.

மூன்று வருடம் அது அங்கே தொங்கியது. பிறகு எங்கள் பிரிவுக்கு டாக்டர் எஸ்தர் வந்தார்.

திருநெல்வேலிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நோயாளியின் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். பேசும்போது தன் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி திரும்பிக்கொள்வார், உதடு தெரிய வேண்டும் என்பதற்காக. 'செவிடு' என்ற சொல்லையும் 'நார்மல்' என்ற சொல்லையும் பிரிவுக்குள் தடை செய்தார். "எது கேக்குது, எது கேக்கலை, அதைச் சொல்லுங்க போதும்" என்பார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். காதுப் பிரிவில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. திட்டு வாங்குவதற்கே கிட்டே போய்க் குனிந்து நிற்க வேண்டும்.

வந்த முதல் நாள் என் மரத்தின் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். பாராட்டப் போகிறார் என்று எழுந்து பக்கத்தில் போனேன்.

"நாச்சிமுத்து சார், மூணு தலைமுறை."

"ஆமாங்க டாக்டர்."

"பொறந்தது பூரா ஆம்பளை. பொம்பளை பூரா வெளிய இருந்து வந்தவங்க. ஒரு பொட்டப்பிள்ளைகூடப் பொறக்கலை. காதை விடுங்க சார், இதையில்லா முதல்ல எழுதி அனுப்பணும்? இந்தக் குடும்பத்துல என்ன தண்ணி குடிக்காங்க?"

நான் விளக்கினேன். மகள்கள் உண்டு டாக்டர், கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அவர்கள் வேறு கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள், அதனால் இதில் வர மாட்டார்கள் என்று. சொல்லிக்கொண்டே வரும்போதே என் குரலும் இறங்கியது.

"அப்ப அந்த வியாதிகிட்டயும் சொல்லிட்டீங்களா, மாமியார் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு?" அவர் குரல் ஏறக்குறைய மூச்சாகிவிட்டது. "பிள்ளைக்கு அம்மாகிட்ட இருந்து பாதி, அப்பாகிட்ட இருந்து பாதி. வர்ற பாதியில அந்தக் கோளாறு இருந்தா உண்டு, இல்லேன்னா இல்லை. பொதுவா வயசாகி வாற குறைவுக்கு இப்படி ஒத்தைக் காரணம் சொல்ல முடியாது. நூறு சின்னச் சின்னக் காரணம் சேரும். அதுக்கு மேல சத்தம், சர்க்கரைன்னு. இந்த வீட்டுல ஒண்ணு மட்டும் பெரிசா இருக்குமோன்னு எனக்குத் தோணுது. அப்படி இருந்தா பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வரலாம். பையனா பொண்ணான்னு அது பார்க்காது சார். நீங்கதான் பார்த்திருக்கீங்க."

சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, இந்த ஒன்றை மட்டும் பாரபட்சமில்லாமல் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரம் எழுத வந்தவன் நான், பாதிப் பேரை விட்டுவிட்டேன். எனக்குச் சட்டென்று அந்தச் சுங்குடிச் சேலை ஞாபகம் வந்தது. நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல்ல அந்தம்மாவைப் பாருங்க. அப்புறம் மத்தவங்க" என்றார்.

கட்டிக்கொடுத்த மகள்களை எங்கே தேடுவது? கோயில் நோட்டில் அவர்கள் பெயர் இல்லை. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப் பிறந்தவள் உட்கார்ந்து செய்கிற இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. அது இல்லாமல் தாலி இல்லை. ஆக, என் மரத்தில் கூடப் பிறந்தவள் இல்லாமல் நின்ற ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் ஒரு நாள் ஒரு வட்டம் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறது. நாற்பத்தோரு பேரையும் மறுபடி பிடித்து, "உங்க கண்ணாலத்துல இணைச்சீர் ஆருங்க செஞ்சது? சொந்தத் தங்கச்சியா, சித்தப்பன் மகளா?" என்று கேட்டேன். ஒரு பெரியவர் எனக்கும் காது போய்விட்டது என்று நினைத்து, பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி பதில் சொன்னார். வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஓமலூரில் ஒருத்தர், மேட்டூரில் இரண்டு பேர் என்று. பழனிசாமியைக் கேட்டபோது, "எங்க கலாதான். வேற ஆரு?" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "அதுகிட்டப் போறதுன்னா பாத்துப் பேசுங்க சார். ஒரு வருசமா ஆருகிட்டயும் சரியாப் பேசறதில்லை."

கலாமணியின் புகுந்த வீடு நாமக்கல்லிலிருந்து கொஞ்ச தூரம். கோழிப்பண்ணை. என் டூவீலர் சத்தத்துக்கு அவர் கணவர் சின்னுசாமி வெளியே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து காது சம்பந்தமாக வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. ஷெட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

பொரித்த ஒரு நாளில் பண்ணைக்கு வரும் குஞ்சுகளை முதல் இரண்டு மூன்று வாரம் விளக்குச் சூட்டில் வைத்துக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதில் கலாமணி கெட்டிக்காரர். கதவைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து, சூடு போதவில்லை, தீவனம் தீர்ந்தது, தண்ணீர் அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிடுவாராம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்களாம்.

"போன ஐப்பசிலங்க" என்றார் சின்னுசாமி. "மத்தியானம் மழை. மேக்கால படுதா அவுந்து சாரல் உள்ள அடிக்குது. கரண்டும் போயிருச்சு. இவ வெளிய, இந்தா, தாவாரத்துல இந்தக் கல்லு மேல உக்காந்து சாக்குத் தெச்சுட்டு இருக்கறா. உள்ள அத்தனை குஞ்சும் உசுரு போற கத்துக் கத்துது. ரோட்டுல பால் கொண்டு போனவன் கேட்டுட்டு ஓடியாறான். இவ உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கறா. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கி, பாதிக்கு மேல போயிருச்சுங்க."

"காது கேக்கலையான்னு கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. அவங்க அப்பாவுக்கு அண்ணனுக்கெல்லாம் உண்டுங்களே. ஆனா நாம பேசறது பூரா கேக்குது, லாரி வந்தா கேக்குது. இவளே சொன்னா, ஆஸ்பத்திரி சாரு எனக்கு அது வராதுன்னு சொல்லிட்டாருன்னு. அப்ப என்னங்க அர்த்தம்? கேட்டுட்டே உக்காந்திருந்தான்னுதானே ஆவுது? ஊட்டுல அப்படித்தான் பேசிக்கறாங்க. இப்ப ஷெட்டைத் தம்பி மகன் பாக்கறான். இவ உள்ள போறதே இல்லை."

"அந்தச் சாரு நான்தானுங்க" என்றேன்.

வீட்டுக்குள்ளிருந்து கலாமணி வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க சார்" என்றார். "டீ குடிக்கறீங்களா?"

அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எழுத முடியாது. குடித்து முடித்துவிட்டு, நான் அன்று சொன்னது தப்பு, சோதிக்காமலே சொன்னேன், ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன்.

"இனி எதுக்குங்க சார்?" என்றார். "கேக்குதுன்னா நான் கல்நெஞ்சுக்காரி. கேக்கலைன்னா செவிடி. எதுன்னாலும் அதுக செத்தது செத்ததுதானுங்களே."

"வேண்டாம்னா உடுங்க அக்கா. ஆனா நான் சொன்னதை நான் திருப்பி வாங்கோணும். மிஷின் இல்லாம சொல்லிப்போட்டேன், மிஷின் வெச்சுத்தான் வாங்க முடியும். எனக்கோசரம் வாங்க" என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். "போயிட்டு வரலாம்" என்றார் சின்னுசாமி.

அந்த வியாழக்கிழமை டாக்டர் எஸ்தர் மற்ற நோயாளிகளைப் பத்து நிமிடம் காக்கவைத்துவிட்டு, கூண்டுப் பக்கம் வந்து என் அருகில் நின்றார். முதலில் என் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினார். "நீங்க பட்டனை அமுத்தும்போது உங்க தோள் அசையுது சார். இந்தம்மா கண்ணால கேட்டுப் பழகினவங்க. உங்க தோளைப் பார்த்தே விரலைத் தூக்கிருவாங்க." எத்தனை வருடம் எத்தனை பேர் என் தோளைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ். விரல் உடனே எழுந்தது. ஐந்நூறு, அதேபோல். ஆயிரம், நல்ல காது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவர் காது என் காதைவிட மேல். இரண்டாயிரத்துக்கு மாற்றினேன். விரல் அசையவில்லை. ஐந்து கூட்டினேன். இன்னும் ஐந்து. கண்ணாடிக்குப் பின்னால் அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் நேராக உட்கார்ந்து, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தார். நாலாயிரம். நாற்பது டெசிபலில் இல்லை. ஐம்பதில் இல்லை. அறுபதில் இல்லை. எழுபதில், சந்தேகத்தோடு, விரல் பாதி எழுந்து நின்றது. எட்டாயிரத்தில் மிஷினின் கடைசி வரை போனேன். விரல் மடியிலேயே இருந்தது. சிவப்பும் நீலமும் ஒன்றன் மேல் ஒன்றாக அதே மலைச்சரிவில் இறங்கின. அண்ணனுடைய கோட்டைக் கொண்டுவந்து மேலே வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

டாக்டர் கதவைத் திறந்து, உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். சின்னுசாமியையும் உள்ளே கூப்பிட்டார். படத்தை மடியில் வைத்துக் காட்டினார்.

"இந்தப் பக்கம் லாரி, மாடு, உங்க வீட்டுக்காரர் பேச்சு. எல்லாம் நல்லா கேக்குது. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரலை. இந்தா, கோடு கீழ விழுதுல்லா, குருவி, குழந்தை, கோழிக்குஞ்சு கத்துற சத்தமெல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கு. இங்க உங்களுக்குக் கேக்கலை."

கலாமணி படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் வாயைப் பார்த்தார்.

"அன்னைக்கு அதுக கத்துச்சுங்களா?"

"கத்தியிருக்கும்மா."

"எனக்குக் கேக்கலைங்க."

"கேட்டிருக்காது."

"நான் பக்கத்துலதானுங்க இருந்தேன். எட்டிக் கதவைத் தொடற தூரம். மழை பேயுதே, இன்னைக்குக் கம்முனு இருக்குதுங்களே, நல்லாத் தூங்குதுங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க." ஒரு வருடமாக ஒருவரிடமும் சொல்லாத வாக்கியம் அது. சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? நம்ப முடியாதபடி சான்றிதழ் கொடுத்தவன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சின்னுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மனைவியின் முகத்தைத் துடைக்கக் கை போய், எங்களைப் பார்த்துவிட்டுத் தன் முகத்துக்கே திரும்பியது. "கேட்டிருந்தா எந்திரிச்சிருப்பே" என்றார். "எனக்குத் தெரியாதா? எந்திரிச்சிருப்பே." மனிதர் ஒரு வருடம் தாமதமாகச் சொன்னார். நான் மூன்று வருடம் தாமதம். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கிளம்பும்போது கலாமணி கேட்டார்: "எம் பொண்ணுக்கும் வருங்களா?"

"வரலாம், வராமலும் போகலாம். காசைச் சுண்டிப் போட்ட மாதிரிதான். ஆனா உங்களுக்கு யாரும் சொல்லலை, அவளுக்குச் சொல்ல நீங்க இருக்கீங்கல்லா" என்றார் டாக்டர்.

குடும்பத்தில் சம்மதித்தவர்களின் ரத்தத்தை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு மரபணுவில் ஒரு சிறு மாற்றம் தெரிகிறது, ஆனால் இதுதான் காரணம் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஏமாற்றம். டாக்டருக்கு மகிழ்ச்சி. "தெரியலைன்னு எழுத எவ்வளவு படிக்க வேண்டியிருக்கு பாருங்க சார்" என்றார். அது எனக்குத்தான் என்று புரிந்துகொண்டேன். திவ்யாவின் எச்சில் குழாயும் பல சமயம் இதே பதிலைத்தான் சொல்லும். புதிதாக வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து மனம் உடையாமல் இருக்கவே இதைக் குறிப்பிடுகிறேன். எது காரணம் என்று தெரிவதற்கு முன்னால், யாருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி காதுக் கருவி. பொருத்திவிட்டு அனுப்பினேன். ஒரு வாரத்தில் சின்னுசாமி போன் செய்தார். "பொண்ணு பேசறது நல்லாக் கேக்குதுங்களாம். கொலுசுச் சத்தம் கேட்டு அழுதுட்டா. ஆனா ஷெட்டுக்குள்ள போனா ஒண்ணும் கேக்கலைங்கறா. மறுபடி கல்லு மேலயே உக்காந்துட்டா சார்."

நான் மிஷினையும் லேப்டாப்பையும் கட்டிக்கொண்டு போனேன். மார்கழி, காலை நேரம். உமி பரப்பிய தரையில் புதிதாக வந்த குஞ்சுகள் மஞ்சள் மஞ்சளாக விளக்கடியில் ஓடிக்கொண்டிருந்தன. என் காதுக்கு ஒரே கீச்சு. கலாமணி வாசற்படியில் நின்று தலையை ஆட்டினார். இல்லை. ஒரு மணி நேரம் அதைக் கூட்டினேன், இதைக் குறைத்தேன். கடைசியில் கருவிக்குள் சத்தத்தைச் சரிசெய்கிற ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது சங்கதி புரிந்தது. கருவி சில சமயம் தானாகவே 'கீ' என்று ஊளையிடும். அதை அடக்க உள்ளேயே ஒரு காவல்காரன் உண்டு. அவன் குஞ்சுகளின் கத்தலைக் கருவியின் ஊளை என்று நினைத்து, வருகிற கையோடு அழித்துக்கொண்டிருந்தான். சோதிக்காமல் முடிவு கட்டுவதில் எனக்கு ஒரு தோழன்.

அவனை அணைத்தேன். கலாமணியின் தோள் சட்டென்று தூக்கிக்கொண்டது.

ஆனால் கேட்டால் போதாது, வித்தியாசம் தெரிய வேண்டும். குளிரில் கத்துவது வேறு, சும்மா கத்துவது வேறு. எனவே விளக்கைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் குஞ்சுகள் நெருங்கி ஒன்றோடொன்று அண்டின, கத்தல் கூர்மையாகியது. லேப்டாப்பில் ஒரு படி கூட்டினேன். "இப்போ?" "கேக்குது. ஆனா எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது." விளக்கை இறக்கினோம். அடங்கின. மறுபடி தூக்கினோம். கூண்டுக்குள் இருபத்தைந்து வருடம் செய்ததையே இங்கேயும் செய்தேன். பீப்புக்குப் பதில் குஞ்சு, பட்டனுக்குப் பதில் விளக்கு. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதானுங்க சார். இதுதான் குளிருக் கத்து." கண்ணைத் திறக்காமலே, "எறக்குங்க, எறக்குங்க, பாவம்" என்றார். விளக்கைச் சின்னுசாமி இறக்குவதற்குள் அவரே உள்ளே இறங்கிப் போய், குனிந்து, இரண்டு கையாலும் குஞ்சுகளைச் சூட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். தம்பி மகன் என்னைப் பார்த்தான். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அப்போது அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

என் வேலைக்காலத்தில் இதைவிடத் திருப்தியாக நான் வீடு திரும்பிய நாள் இல்லை. மறுநாள் பிரிவில் எல்லோருக்கும் சொன்னேன். அதற்கும் மறுநாள் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் கலாமணியிடமிருந்தே போன் வந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார், டாக்டரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன்.

"சார், ஒரு ரெண்டு குஞ்சு தும்முதுங்க" என்றார். "தெக்கு மூலைல. இவரு இல்லைங்கறாரு, தம்பி மகன் இல்லைங்கறான், எனக்கு நல்லாக் கேக்குது. டாக்டரம்மாகிட்டச் சொல்லிருங்க. அன்னைக்கு நீங்க தூக்கித் தூக்கி எறக்கினீங்களே, அந்தக் குளிருலதான் புடிச்சிருக்குது. காதைப் பாக்க வந்தா காதை மட்டும் பாத்துட்டுப் போங்க சார். இனிமே எங்க விளக்குல கை வெக்காதீங்க."